19 சிஎஸ்எஸ் ஃபைலை ஒண்ணாக்கினேன், சைட்டே கலைஞ்சு போச்சு. ஏன்?

செல்வி_டிடிபி:

எல்லாருக்கும் வணக்கம். சிவகாசியில ஒரு காலண்டர் பிரஸ்ல டிசைன் பிரிவுல இருக்கேன். ஆல்பம் பக்கம் போடுறது, பிளேட்டுக்கு ஃபைல் அனுப்புறதுதான் என் வேலை. கூடவே கம்பெனி வெப்சைட்டும் என் தலையில. வேர்ட்பிரஸ் சைட். காசு கொடுத்து வாங்கின ஒரு தீம், ஒரு ஸ்லைடர், ஒரு ஃபார்ம் பிளகின், டிசைன்களை வரிசையா காட்ட ஒரு கேட்லாக் பிளகின், அது போக ரெண்டு மூணு சில்லறை.

ஆடிப்பெருக்கு அன்னைக்கு அடுத்த வருஷ ஆல்பம் வெளியாகும். அதுக்கப்புறம் ஏஜென்ட்டுங்க ஊர் ஊரா கடை ஏறி இறங்குவாங்க. ஆல்பம் கையில இருந்தாலும், "வேற மாடல் இருக்கா"ன்னு கேட்டா ஃபோன்ல நம்ம சைட்டைத் திறந்துதான் காட்டணும். அது வெள்ளையாவே நிக்குது. "படம் வர்றதுக்குள்ள கடைக்காரர் அடுத்த வியாபாரத்தைப் பார்க்கப் போயிடுறாரும்மா"ன்னு தேனி பக்கம் போற ஏஜென்ட் சொல்ல, அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு "இந்த வருஷம் ஆல்பத்துக்கு முன்னாடி இதைச் சரி பண்ணிரு"ன்னுட்டாங்க.

கூகுளோட வேகச் சோதனை பேஜ்ஸ்பீடுல போட்டுப் பார்த்தேன். பக்கம் வரையுறதைத் தடுக்குற ஃபைல்னு ஒரு நீளமான பட்டியல். பக்கத்துல மொத்தம் 19 சிஎஸ்எஸ் (கலர், எழுத்து, அமைப்பு எப்படி இருக்கணும்னு சொல்ற ஃபைல்). எல்லாத்தையும் ஒரே ஃபைலா ஆக்கினா வேகமாகும்னு நிறைய இடத்துல எழுதியிருக்காங்க. அதனால டெஸ்ட் சைட்ல, நோட்பேட் பிளஸ் பிளஸ்ல ஒவ்வொண்ணா திறந்து, அப்படியே காப்பி பண்ணி ஒரே ஃபைல்ல ஒட்டி, தீம் ஃபோல்டர்ல வச்சு, பழைய 19ஐயும் நிறுத்தினேன். இப்ப நிலவரம் இது:

ஐகான் இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னக் கட்டம். ஸ்லைடரோட அம்புக்குறிப் படமும் இல்ல.

மேல இருந்த மெனுப்பட்டை மொத்தமா காணோம், ஃபோன்லயும் சரி, கம்ப்யூட்டர்லயும் சரி.

என்கொயரி ஃபார்ம் ஃபோன்ல அம்சமா இருக்கு, கம்ப்யூட்டர்ல மட்டும் கோடு, கலர் எதுவும் இல்லாம அம்மணமா நிக்குது. இதுதான் சுத்தமா புரியல.

தமிழ்த் தலைப்புக்கு முக்த மலர் ஃபாண்ட் வச்சிருந்தோம். அது போய் சாதா ஃபாண்ட் வருது.

உள்ள இருக்குறதுல ஒரு எழுத்துகூட நான் மாத்தல. அப்புறம் எப்படி வேற மாதிரி ஆகும்?

---

ராம்ஜி_டபிள்யூபி:

கையால ஏன் சிரமப்படுறீங்க? ஆட்டோப்டிமைஸ் பிளகின் போடுங்க, சிஎஸ்எஸ்ஸை ஒண்ணுசேர்க்குற டிக்கைப் போடுங்க, சேவ் பண்ணுங்க, டீ குடிச்சிட்டு வாங்க. நான் பார்க்குற எல்லா சைட்லயும் இதான்.

---

சர்வர்ரூம்:

ராம்ஜி சொல்றது தப்பில்ல, கடைசியில அங்கதான் போகப் போறோம். ஆனா செல்வி கேட்டது "ஏன் மாறுச்சு"ன்னு. அதைப் பார்க்காம டிக் போட்டா, நாளைக்கு வேற ஒண்ணு கலையும்போது மறுபடி இங்கதான் வந்து நிக்கணும்.

நாலும் நாலு வேற காரணம். உங்க ஃபைலைப் பார்க்காமலே சொல்லலாம், ஏன்னா ஹோஸ்டிங் சப்போர்ட்ல நைட் ஷிஃப்ட் பார்த்த காலத்துல இந்த நாலும் டிக்கெட்டா வந்துட்டே இருக்கும்.

கட்டம் வர்றது பாத் பிரச்சினை. சிஎஸ்எஸ்ஸுக்குள்ள படத்துக்கோ ஃபாண்ட்டுக்கோ கொடுத்திருக்குற முகவரி, பக்கத்தை வச்சுக் கணக்கில்ல, அந்த சிஎஸ்எஸ் ஃபைல் எந்த ஃபோல்டர்ல இருக்கோ அதை வச்சுக் கணக்கு. ஐகான் எல்லாம் தர்ற ஃபாண்ட் ஆசம் 4.7 ஃபைலைத் திறந்து பாருங்க: "புள்ளி புள்ளி சாய்கோடு ஃபாண்ட்ஸ்"னு இருக்கும். "நான் இருக்குற ஃபோல்டர்ல இருந்து ஒரு படி மேல போய், அங்க ஃபாண்ட்ஸ் ஃபோல்டரைத் தேடு"ன்னு அர்த்தம். நீங்க அந்த வரியைத் தூக்கிட்டு வந்து தீம் ஃபோல்டர்ல வச்சுட்டீங்க. இப்ப ஒரு படி மேல போனா வேற இடம், அங்க ஒண்ணும் இல்ல, 404, அதாவது ஃபைல் கிடைக்கல. நெட்வொர்க் டேபைத் திறந்தா சிவப்பு சிவப்பா தெரியும். ஸ்லைடர் அம்புக்குறியும் இதே கதைதான்.

மெனு காணாமப் போனது பிரிண்ட் ஃபைலால. பக்கத்தோட சோர்ஸைத் திறந்து அந்த 19 லிங்க் டேகையும் பாருங்க. ஏதோ ஒண்ணுல மீடியான்னு போட்டு பிரிண்ட்னு எழுதியிருக்கும். கொட்டேஷனைப் பேப்பர்ல எடுக்கும்போது மெனு, ஃபுட்டர் வேண்டாம்னு மறைக்குற ஃபைல் அது. "பிரிண்டுக்கு மட்டும்"ங்கிற நிபந்தனை ஃபைலுக்கு உள்ள இல்ல, வெளிய லிங்க் டேகுல இருந்துச்சு. நீங்க உள்ள இருந்ததை மட்டும் எடுத்தீங்க, நிபந்தனை வெளியவே நின்னுபோச்சு. இப்ப ஸ்கிரீன்லயும் மெனுவை மறைன்னு அது சொல்லுது, பிரவுசரும் கேட்குது. ஒட்டணும்னா அந்த ஃபைல் மொத்தத்தையும் அட்மீடியா பிரிண்ட்னு ஒரு அடைப்புக்குள்ள போட்டுத்தான் ஒட்டணும். என்னைக் கேட்டா ஒட்டவே வேண்டாம். தனியா இருந்தா பிரவுசர் அதைக் கடைசியா, சாவகாசமா இறக்கும், பக்கத்தை நிறுத்தி வைக்காது. உள்ள சேர்த்தா எல்லாரும் அதைச் சுமக்கணும்.

ஃபார்ம்தான் அழகான கேஸ். ஃபோன்ல சரி, கம்ப்யூட்டர்ல இல்லன்னா எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: ஃபார்ம் ஃபைலுக்கு மேல ஒட்டின ஏதோ ஒரு ஃபைலோட கடைசியில ஒரு அடைப்புக்குறி மூடாம இருக்கு. சின்ன ஸ்கிரீனுக்கு மட்டும்னு ஒரு மீடியா பிளாக் ஆரம்பிச்சு, எழுதினவர் கடைசி நெளிவு அடைப்பை விட்டிருப்பார். தனி ஃபைலா இருந்தவரைக்கும் பிரச்சினையே இல்ல, ஃபைல் முடிஞ்சா பிரவுசர் தானே மூடிக்கும். சத்தமும் போடாது. இப்ப ஃபைல் முடியல, கீழ ஃபார்ம் சிஎஸ்எஸ் தொடருது. அதனால ஃபார்மோட அத்தனை விதியும் "சின்ன ஸ்கிரீனுக்கு மட்டும்"ங்கிற வீட்டுக்குள்ள போய் மாட்டிக்கிச்சு. அதுக்குக் கீழ ஒட்டின எல்லாமே இதே கதிதான், ஃபார்ம் கண்ணுக்குத் தெரியுறதால நீங்க அதை மட்டும் கவனிச்சிருக்கீங்க. மெனு கம்ப்யூட்டர்லயும் காணோம்னு சொல்றீங்கல்ல? அப்படின்னா பிரிண்ட் ஃபைல் அந்த மூடாத இடத்துக்கு மேல இருக்கு. பிரிண்டுக்கு மேல இருக்குற ஃபைலை எல்லாம் விட்டுட்டு, ஃபார்முக்கும் பிரிண்டுக்கும் நடுவுல மட்டும் தேடுங்க.

தமிழ் ஃபாண்ட் போனது இம்போர்ட். தீம் ஃபைலோட முதல் வரியில கூகுள் ஃபாண்ட்டை அட்இம்போர்ட் பண்ணியிருப்பாங்க. இம்போர்ட் எப்பவும் ஃபைலோட தலையில, சாதா விதிகளுக்கு முன்னாடி இருக்கணும். நடுவுல வந்தா பிரவுசர் அதை மதிக்காது. உங்க ஒட்டு ஃபைல்ல தீம் ஃபைல் நாலாவதோ அஞ்சாவதோ வந்திருக்கும், அந்த வரி செல்லாக்காசு.

சரி, இதெல்லாம் ஒட்டுறதுல வந்த வினை. ஒட்டணுமாங்கிறது தனிக் கேள்வி. குரோம்ல எஃப்12 அடிச்சு நெட்வொர்க் டேப் போங்க. மேல தலைப்பு வரிசையில ரைட் கிளிக் பண்ணி புரோட்டோகால்ங்கிற நெடுவரிசையை ஆன் பண்ணுங்க, ஃபைல் எந்த முறையில வருதுன்னு அது காட்டும். பழைய சைட்டை ரீலோட் பண்ணிட்டு, உங்க டொமைன்ல இருந்து வர்ற ஃபைலுக்கு நேரா என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க. எச்2 (எச்டிடிபி 2), எச்3 (எச்டிடிபி 3), இல்ல எச்டிடிபி 1.1, மூணுல ஒண்ணு இருக்கும். அதைப் பார்க்காம எதுவும் சொல்ல மாட்டேன்.

---

செல்வி_டிடிபி:

அண்ணே, ஜோசியம் பார்த்த மாதிரி இருக்கு. கேட்லாக் பிளகினோட ஃபைல்லதான் கடைசி அடைப்பு இல்ல. காசு கொடுத்து வாங்கின பிளகின்! ஒரு அடைப்பைப் போட்டதும் ஃபார்ம் வந்துருச்சு. பிரிண்ட் ஃபைலை வெளிய எடுத்ததும் மெனுவும் வந்துருச்சு.

புரோட்டோகால் நெடுவரிசையில நம்ம டொமைனுக்கு எல்லாம் எச்டிடிபி 1.1னு இருக்கு. கூகுள் ஃபாண்ட்டுக்கு மட்டும் எச்3. இது நல்லதா கெட்டதா?

---

ஃப்ரண்ட்எண்ட்_நிலா:

கெட்டது. ஆனா மருந்து ஃபைலை ஒட்டுறது இல்ல.

ஒட்டுற வழக்கமே எச்டிடிபி 1.1 காலத்துச் சரக்கு. 2007ல யாஹூவுல இருந்த ஸ்டீவ் சவுடர்ஸ் தொகுத்த வேக விதிகள்ல முதல் விதியே ரிக்வெஸ்ட் (பிரவுசர் சர்வர்கிட்ட ஃபைல் கேட்குறது) எண்ணிக்கையைக் குறைங்கிறதுதான். அன்னைக்கு அது வேதம். 1.1ல ஒரு கனெக்ஷன்ல ஒரு நேரத்துல ஒரு ஃபைல்தான் வரும், பிரவுசர் ஒரு ஹோஸ்ட்டுக்கு ஆறு கனெக்ஷன் வரைக்கும்தான் திறக்கும். 2015ல எச்டிடிபி 2 வந்த பிறகு ஒரே கனெக்ஷன்ல எத்தனை ஃபைல் வேணும்னாலும் கலந்து வரும். அதனால ஹோஸ்டிங்கை மாத்துங்க, இல்லன்னா உங்க சர்வருக்கு முன்னாடி நின்னு ஃபைலைக் கொடுக்குற கிளவுட்ஃப்ளேரோட இலவசத் திட்டத்தைப் போடுங்க, எச்டிடிபி 2 தானா கிடைக்கும். 19 ஃபைல் 19ஆவே இருக்கட்டும். ஒண்ணை மாத்தினா அது மட்டும் புதுசா இறங்கும், மீதி 18 கேஷ்ல இருந்து, அதாவது பிரவுசர் ஏற்கனவே சேர்த்து வச்சதுல இருந்து வரும். ஒட்டிட்டா ஒரு கலர் மாத்தினாக்கூட மொத்தமும் மறுபடி இறங்கணும்.

---

சர்வர்ரூம்:

நிலா, முக்கால்வாசி ஒத்துக்கிறேன். மீதி கால்வாசிக்குத்தான் சண்டை.

ஒண்ணு, அமுக்கம். சர்வர் ஃபைலை அமுக்கி அனுப்பப் பயன்படுத்துற ஜிஜிப்போ பிரோட்லியோ ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியாத்தான் அமுக்கும். "மார்ஜின்", "பேடிங்", "டிஸ்ப்ளே ஃப்ளெக்ஸ்"னு திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைகளை வச்சுத்தான் அதுக்குப் பிழைப்பே. 2 கேபி ஃபைல் பத்து இருந்தா, ஒவ்வொண்ணுலயும் முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். ஒரே 20 கேபின்னா நல்லா அமுங்கும். எச்டிடிபி 2 இதுக்கு ஒண்ணும் செய்யாது.

ரெண்டாவது, நீங்க சொன்ன கேஷ் லாபம் அடிக்கடி வர்றவங்களுக்கு. இங்க ஏஜென்ட் காட்டுற ஃபோன்ல சரி, ஆனா அந்தக் கடைக்காரர் அப்புறம் தன் ஃபோன்ல திறக்கும்போது அவருக்கு எல்லாமே புதுசு.

ஆனா ரெண்டு பேரும் விட்டுட்ட ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு முக்கியம். பக்கத்தோட தலையில (ஹெட் பகுதியில) இருக்குற சிஎஸ்எஸ் எல்லாம் வந்து சேர்ற வரைக்கும் பிரவுசர் ஒரு எழுத்தைக்கூட வரையாது. பந்தியில கடைசி ஆள் உட்கார்ற வரைக்கும் இலையில சோறு விழாத மாதிரி. 19ஆ வந்தாலும் ஒண்ணா வந்தாலும், மொத்தம் எத்தனை கேபி, வரிசையா எத்தனை கட்டம் காத்திருக்கணும்ங்கிறதுதான் அந்த வெள்ளை ஸ்கிரீனோட நீளம். தேவையில்லாத 300 கேபியை அழகா ஒரே ஃபைலா கட்டினாலும் அது தேவையில்லாத 300 கேபிதான்.

அதனால செல்வி, என் வரிசை வேற.

முதல்ல அந்த இம்போர்ட்டை ஒழிங்க. இப்ப நடக்குறதைப் பாருங்க: எச்டிஎம்எல் வருது, அதுல தீம் சிஎஸ்எஸ்ஸைப் பார்த்து இறக்குது, இறக்கி முடிச்ச பிறகுதான் உள்ள இம்போர்ட் இருக்குறதே தெரியுது. அப்புறம் கூகுள் சர்வருக்குப் புதுசா கனெக்ஷன் போட்டு அங்க ஒரு சிஎஸ்எஸ், அதைப் படிச்ச பிறகு ஃபாண்ட் இருக்குற இன்னொரு சர்வருக்கு இன்னொரு கனெக்ஷன். சிக்னல் சுமாரான இடத்துல ஒவ்வொரு கனெக்ஷனும் ஒரு நெடும்பயணம். முக்த மலர் ஓப்பன் ஃபாண்ட் லைசென்ஸ்ல வர்றது, உங்க சர்வர்லயே வச்சுக்கலாம். வெப்புக்குன்னு அமுக்கின டபிள்யூஓஎஃப்எஃப்2 ஃபைலா எடுத்து, தலைப்புக்கு என்ன கனம் வேணுமோ அது ஒண்ணை மட்டும் வைங்க. ஃபாண்ட் டிஸ்ப்ளேன்னு ஒரு வரி, அதுல ஸ்வாப்னு கொடுங்க, ஃபாண்ட் வர்ற வரைக்கும் ஃபோனோட சொந்த எழுத்துல தலைப்பு தெரியும். "கூகுள் ஃபாண்ட் வேற சைட்ல ஏற்கனவே இறங்கி கேஷ்ல இருக்குமே"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2020 அக்டோபர்ல குரோம் 86 வந்ததுல இருந்து கேஷை சைட் வாரியா பிரிச்சு வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒரு சைட்ல இறங்கினது இன்னொரு சைட்டுக்கு உதவாது.

அப்புறம் கழிங்க. குரோம்லயே கவரேஜ்னு ஒரு டேப் இருக்கு. எஃப்12 அடிச்சுட்டு, கன்ட்ரோல் ஷிஃப்ட் பி (P) அடிச்சு கவரேஜ்னு டைப் பண்ணுங்க. ஒவ்வொரு சிஎஸ்எஸ்லயும் இந்தப் பக்கத்துக்கு எவ்வளவு பயன்பட்டுச்சு, எவ்வளவு சும்மா வந்துச்சுன்னு பட்டை போட்டுக் காட்டும். ஃபாண்ட் ஆசம் 4.7ல 675 ஐகான். உங்க சைட்ல ஃபோன், வாட்ஸ்அப், மெயில், தேடல், மெனு, இன்னும் ஒண்ணு ரெண்டு இருக்குமா? அதுக்காக 30 கேபி சிஎஸ்எஸ், கூட 75 கேபிக்கு மேல ஃபாண்ட். எஸ்விஜியா (வெக்டர் படமா) அஞ்சாறு ஐகானைப் பக்கத்துலயே வச்சுட்டு இதைத் தூக்கிரலாம். டிசைன்ல இருக்குற உங்களுக்கு இது அரை மணி நேர வேலை.

ஃபார்ம் சிஎஸ்எஸ் என்கொயரி பக்கத்துக்கு மட்டும் போதும், ஸ்லைடருது முகப்புக்கு மட்டும். ஆனா பிளகின்கள் எல்லாப் பக்கத்துலயும் தன் ஃபைலைத் திணிக்கும், அதுங்க குணம் அது. சைல்ட் தீமோட (உங்க மாற்றங்களை மட்டும் வைக்குற துணைத் தீம்) ஃபங்ஷன்ஸ் ஃபைல்ல, இந்தப் பக்கம் இல்லன்னா இந்த ஸ்டைலை எடுத்துருன்னு டிக்யூ ஸ்டைல் ஃபங்ஷனை வச்சு எழுதணும். பிளகின் திணிச்ச பிறகு அது ஓடணும், அதனால முன்னுரிமை எண்ணை 100 மாதிரி பெருசா கொடுங்க. சின்னதா கொடுத்தா நீங்க முதல்ல எடுப்பீங்க, பிளகின் பின்னாடியே வந்து வைக்கும்.

இவ்வளவும் ஆன பிறகு மிஞ்சுறது ஏழெட்டு ஃபைல்தான் இருக்கும். அதுல எல்லாப் பக்கத்துக்கும் பொதுவானதை மட்டும் ஒண்ணாக்குங்க. உங்க சர்வர் 1.1ல இருக்குறவரைக்கும் அதுக்குப் பலன் உண்டு. ராம்ஜியோட பிளகினை இப்பப் போடுங்க. பாத்தை அதுவே திருத்தும், மீடியா நிபந்தனையையும் பார்த்துக்கும். கையால ஒட்டக் கூடாதுன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணம்: நாளைக்குக் கேட்லாக் பிளகின் அப்டேட் ஆகும், புது எச்டிஎம்எல் வரும், உங்க ஒட்டு ஃபைல்ல பழைய சிஎஸ்எஸ்ஸே இருக்கும். அது ஏன் கலைஞ்சதுன்னு கண்டுபிடிக்க நாள் கணக்காகும்.

ராம்ஜிக்கு ஒரு வார்த்தை: பக்கத்துக்குள்ளயே எழுதியிருக்குற இன்லைன் சிஎஸ்எஸ்ஸையும் சேர்க்கவான்னு அதுல இன்னொரு டிக் இருக்கு. அதைப் போடாதீங்க. பக்கத்துக்குப் பக்கம் இன்லைன் வேற வேறயா இருந்தா, பக்கத்துக்கு ஒரு ஒட்டு ஃபைல் உருவாகும். கேஷ் ஃபோல்டர் ஊதிட்டே போகும், பிரவுசருக்கோ ஒவ்வொரு பக்கமும் புது ஃபைல். சேர்த்ததோட நோக்கமே போச்சு.

ஹோஸ்டிங்காரங்ககிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "அப்பாச்சி எந்த எம்பிஎம்ல ஓடுது?" அப்பாச்சிங்கிறது சர்வர் மென்பொருள், எம்பிஎம்ங்கிறது அது ரிக்வெஸ்ட்டைக் கையாளுற முறை. பிரீஃபோர்க்னு சொன்னா அதுல எச்டிடிபி 2 வராது, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஹெச்பியைப் பழைய முறையில ஓட்டுறாங்கன்னு அர்த்தம். ஈவென்ட் எம்பிஎம்மும், பிஹெச்பியைத் தனியா ஓட்டுற பிஹெச்பி எஃப்பிஎம்மும் இருக்குற சர்வருக்கு மாத்தித் தரச் சொல்லுங்க. முடியாதுன்னா நிலா சொன்ன கிளவுட்ஃப்ளேர்.

---

ராம்ஜி_டபிள்யூபி:

அந்த இன்லைன் டிக்கை மூணு கிளையன்ட் சைட்ல இப்பத்தான் எடுத்தேன். ஒண்ணுல கேஷ் ஃபோல்டர் மட்டும் ஜிபி கணக்குல இருந்துச்சு. நன்றி தல.

---

ஃப்ரண்ட்எண்ட்_நிலா:

அமுக்கம் பத்தி சொன்னது சரி, வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா எல்லாத்தையும் ஒண்ணாக்குறவங்களுக்கு ஒரு பழைய பேய்க்கதை: இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 9 வரைக்கும் ஒரு பக்கத்துக்கு 31 ஸ்டைல்ஷீட்தான், ஒரு ஷீட்டுக்கு 4,095 செலக்டர்தான் (எதை அலங்கரிக்கணும்னு சொல்ற குறிப்பு). 31ஐத் தாண்டுதேன்னு ஒண்ணாக்கினா 4,095ஐத் தாண்டும். அதுக்கு மேல உள்ளதைச் சத்தமில்லாம விட்டுரும், பக்கத்தோட பாதி அலங்காரத்தோட, பாதி கோவணத்தோட நிக்கும். இப்ப அந்தப் பேய் செத்துப்போச்சு, செல்வி கவலைப்பட வேண்டாம்.

---

செல்வி_டிடிபி:

அண்ணே, நிலா அக்கா, ராம்ஜி, எல்லாருக்கும் நன்றி. ஃபாண்ட் நம்ம சர்வருக்கு வந்தாச்சு, ஐகானை எஸ்விஜியா நானே வரைஞ்சுட்டேன் (வாட்ஸ்அப் ஐகான் மட்டும் கொஞ்சம் படுத்துச்சு). ஃபார்ம், ஸ்லைடர் ரெண்டும் அதுஅது பக்கத்துல மட்டும். பொதுவானது இப்ப ஒரே ஃபைல், பிரிண்ட் தனியா. ஹோஸ்டிங்ல கேட்டதுக்கு பிரீஃபோர்க்தான்னு ஒத்துக்கிட்டு, வேற சர்வருக்கு மாத்தித் தர்றோம்னு சொல்லியிருக்காங்க, எப்பன்னு சொல்லல. தேனி ஏஜென்ட் ஃபோன்ல டெஸ்ட் சைட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். "இப்ப எழுத்து உடனே வந்துருது, படம் பின்னாடி வருது"ன்னாரு. அதுவே போதும்னு அண்ணாச்சி சொல்லிட்டாங்க.

கடைசியா ஒண்ணு. நான் சைல்ட் தீம் சிஎஸ்எஸ்ல கலர் மாத்தினா ஏஜென்ட்டுங்க ஃபோன்ல பழைய கலரே வருது. கேஷைக் கிளியர் பண்ணுங்கன்னு அம்புட்டு பேர்கிட்டயும் சொல்ல முடியாதுல்ல?

---

சர்வர்ரூம்:

சொல்லவே கூடாது. சிஎஸ்எஸ்ஸைப் பக்கத்துல சேர்க்குற என்க்யூ ஸ்டைல் ஃபங்ஷனை எழுதுற இடத்துல நாலாவதா வெர்ஷன் கேட்கும். அங்க 1.0ன்னு கையால எழுதியிருப்பீங்க. அதை எடுத்துட்டு ஃபைல்எம்டைம் ஃபங்ஷனைப் போட்டு, அந்த சிஎஸ்எஸ் ஃபைலோட சர்வர் பாத்தைக் கொடுங்க. ஃபைலை எப்பக் கடைசியா சேவ் பண்ணீங்களோ அந்த நேரம் முகவரியோட வாலில் ஒட்டிக்கும். நீங்க மாத்தினா முகவரி மாறும், முகவரி மாறினா ஃபோன் புதுசா இறக்கும். மாத்தலன்னா பழசையே வச்சுக்கும். ஆட்டோப்டிமைஸ் சேர்க்குற ஃபைலுக்குப் பெயரே உள்ளடக்கத்தை வச்சுத்தான் வரும், அதைத் தொட வேண்டாம். எச்டிஎம்எல்லைக் கேஷ் பண்ற பிளகின் ஏதாவது வச்சிருந்தா மட்டும், சிஎஸ்எஸ் மாத்தின அன்னைக்கு அதை ஒரு தடவை காலி பண்ணிருங்க. இல்லன்னா பழைய எச்டிஎம்எல் பழைய முகவரியையே காட்டிட்டு இருக்கும்.

அப்புறம் அந்த அடைப்புக்குறி விஷயத்தை கேட்லாக் பிளகின் செஞ்சவங்களுக்கு ஒரு மெயில் போட்டு வைங்க. அடுத்த அப்டேட்ல உங்க திருத்தம் போயிரும்.